மலையிறக்கமும் எரிபொருட் சிக்கனமும்: நியூட்ரல் ஓட்டம் பற்றிய ஒரு நோக்கு

மலையக வீதிகளில் வாகனம் செலுத்துவோரிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ள நம்பிக்கை ஒன்றுண்டு. இறக்கம் தொடங்கியதும் கியரைக் கழற்றி வாகனத்தை நியூட்ரலில் ஓடவிட்டால் எரிபொருள் மிச்சமாகும் என்பதே அது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் பஸ்ஸிலும், ஹட்டனிலிருந்து கினிகத்தேனை நோக்கி இறங்கும் லொறியிலும், தோட்டத்து லயன்களுக்கும் நகரத்துக்குமிடையே ஓடும் முச்சக்கரவண்டியிலும் இவ்வழக்கத்தைக் காணலாம். ஒருபடி மேலே சென்று எஞ்சினையே நிறுத்திவிடுவோரும் உளர். இதனை வெறும் கவலையீனம் என ஒதுக்கிவிட முடியாது. இதன் பின்னே ஒரு கணக்கு இருக்கிறது. அக்கணக்கு ஒருகாலத்தில் ஓரளவு சரியாகவும் இருந்தது. இன்றோ, சாரதி எதனை மிச்சப்படுத்த எண்ணுகிறாரோ அதனையே அது செலவழிக்கச் செய்கிறது. இவ்வுண்மையை எஞ்சினின் தொழிற்பாட்டிலிருந்து விளக்குவதும், இந்நாளைய கார்களில் அமைந்துள்ள தானியங்கி நியூட்ரல் ஓட்டம் மலைநாட்டுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் சக்திக்கணக்கைப் பார்ப்போம். பேராதனை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 480 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். பயணிகளோடு 10 தொன் நிறையுள்ள பஸ் ஒன்று இவ்விரண்டுக்குமிடையேயுள்ள சுமார் 1,400 மீற்றரை ஏறிமுடிக்கையில் ஏறத்தாழ 137 மெகாயூல் அழுத்தசக்தியைப் பெற்றுவிடுகிறது. ஒரு லீற்றர் டீசலில் 36 மெகாயூல் அளவு சக்தி அடங்கியிருப்பினும், எஞ்சின் அதில் மூன்றிலொரு பங்கையே சில்லுகளுக்கு வழங்கும். ஆகவே, உயரத்தை வெல்வதற்கு மட்டும் 11 லீற்றருக்கு மேற்பட்ட டீசல் எரிந்திருக்கும். இறங்கும்போது வாகனத்தை இழுத்துச் செல்வது ஏற்கெனவே விலைகொடுத்து வாங்கிய இச்சக்தியே. அதில் ஒரு பகுதி டயர்களின் உருளலுராய்விலும் காற்றின் தடையிலும் கழிகிறது. எஞ்சிய பகுதியை எங்கேனும் கழித்தாகவேண்டும். கழிக்காவிடில் வாகனத்தின் வேகம் கூடிக்கொண்டே செல்லும்.

இதே மலைகளில் பெய்யும் மழையின் வீழ்ச்சியை நாம் எவ்வளவு கருத்தோடு பயன்படுத்தியிருக்கிறோம் என்பதை இவ்விடத்து நினைவுகூரலாம். இலங்கையின் நீர்வலுவை மின்வலுவாக்கலாம் என டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1985இல் கொத்மலையும், 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலையும் அதனைத் தொடர்ந்தன. நீர் வீணே விழுவதற்கு நாம் இடங்கொடுக்கவில்லை. ஆனால் அம்மின்நிலையங்களைக் கடந்து நாள்தோறும் இறங்கும் ஆயிரக்கணக்கான வாகனங்களின் வீழ்ச்சிச்சக்தி இன்றும் பெரும்பாலும் பிரேக்கின் வெப்பமாகவே காற்றில் கலக்கிறது.

இனி, நம்பிக்கையின் பிறப்பிடத்துக்கு வருவோம். மலையகத்தில் வாடகைக்கார்களாக ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய பெற்றோல் வாகனங்கள் காபுரேற்றர் கொண்டவை. எஞ்சின் உறிஞ்சும் காற்றே பெற்றோலையும் உறிஞ்சிச் செல்வது காபுரேற்றரின் அமைப்பாகும். சாரதி அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்டாலும், எஞ்சின் சுழன்றுகொண்டிருக்கும்வரை சிறிய துவாரத்தினூடாகப் பெற்றோல் உட்சென்றுகொண்டே இருக்கும். அதாவது, கியரில் இறங்கினாலும் நியூட்ரலில் இறங்கினாலும் நிமிடமொன்றுக்குச் செலவாகும் பெற்றோல் ஏறத்தாழ ஒன்றே. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சினின் தடை நீங்குவதால் வாகனம் கூடிய தூரம் தானாகவே ஓடும். எஞ்சினை நிறுத்திவிட்டால் பெற்றோற் செலவே இல்லை. ஆகவே, அக்காலச் சாரதியின் கணக்கு பொருளளவில் பிழையானதன்று. அவர் அதற்குக் கொடுத்த விலை வேறு. அதனைப் பின்னர் நோக்குவோம்.

பெற்றோலை எலக்ற்றோனிக் முறையில் அளந்து உட்செலுத்தும் இன்ஜெக்சன் முறை வந்ததும் இந்நிலை மாறியது. இங்கு எரிபொருளைக் காற்று உறிஞ்சுவதில்லை. கணினி கட்டளையிட்டாலொழிய இன்ஜெக்டர் திறவாது. அக்சிலரேற்றர் முழுமையாக விடப்பட்டிருக்கிறது, எஞ்சினோ நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு முறைக்கு மேல் சுழல்கிறது என்ற நிலையைக் கண்டதும், சில்லுகளே எஞ்சினைச் சுழற்றுகின்றன என்பதைக் கணினி உணர்ந்து எரிபொருளை முற்றாக நிறுத்திவிடுகிறது. ஒரு துளியும் எரிவதில்லை. சுழற்சி குறைந்து எஞ்சின் நின்றுவிடும் நிலையை அணுகும்போதே இன்ஜெக்டர் மீண்டும் திறக்கும். இந்தக் காரில் இறக்கத்தின் நடுவே நியூட்ரலுக்கு மாற்றினால் என்ன நிகழும்? சில்லுக்கும் எஞ்சினுக்குமுள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. எஞ்சின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டு, அதற்கென எரிபொருளை எரிக்கத் தொடங்குகிறது. சிறிய கார் ஒன்று சும்மா நின்று இயங்கும்போது மணிக்கு முக்கால் லீற்றர் அளவில் பெற்றோல் எரிக்கும். கியரில் பூச்சியமாக இருந்த செலவை நியூட்ரல் முக்கால் லீற்றராக்கிவிடுகிறது.

டீசல் வாகனத்தைப் பொறுத்தவரை இன்னுமொரு செய்தி மனங்கொள்ளத்தக்கது. இங்கு இம்மாற்றம் கணினியோடு வந்ததன்று. டீசல் எஞ்சினில் காபுரேற்றர் என்றுமே இருந்ததில்லை. டீசல் பம்போடு இணைந்த கவர்னர் என்னும் பொறிமுறை, எஞ்சினின் சுழற்சி தேவைக்கு மேற்படும்போது டீசலைக் குறைத்து, கால் முழுமையாக எடுக்கப்பட்டிருப்பின் நிறுத்தியும் விடும். அரைநூற்றாண்டுக்கு முன் மலையேறிய லேலண்ட், டாட்டா பஸ்களிலும் இதுவே நிலை. எனவே பஸ், லொறிச் சாரதிகளிடையே வழங்கும் நியூட்ரல் சிக்கனம் அவர்களுடைய எஞ்சினுக்கு ஒருபோதும் உரியதாக இருந்ததில்லை. அது பெற்றோல் கார்ச் சாரதிகளிடமிருந்து இரவல் பெறப்பட்ட கணக்கு எனக் கொள்வதே பொருந்தும்.

பெரிய டீசல் எஞ்சின் நியூட்ரலில் மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு லீற்றர் வரை எரிக்கும். நாளொன்றில் மொத்தமாக ஒரு மணிநேரம் நியூட்ரலில் இறங்கும் பஸ் சராசரி ஒன்றரை லீற்றர் டீசலை எவ்விதப் பயனுமின்றி எரித்துவிடுகிறது. 2022 ஜூன் 26ஆம் திகதி டீசல் லீற்றருக்கு 460 ரூபாவாக உயர்ந்தபோது இவ்விரயத்தின் பெறுமதி 690 ரூபா.

இவ்வளவு எளிய உண்மை ஏன் சாரதிகளுக்குப் புலப்படவில்லை? காதே இதற்குக் காரணம் என்பது எமது கருத்து. இரண்டாவது கியரில் இறங்கும் பஸ் உரத்து முழங்குகிறது. எஞ்சின் முழங்கினால் டீசல் குடிக்கிறது என்பது ஏற்றத்தில் நாம் பெற்ற அனுபவம். நியூட்ரலில் அதே எஞ்சின் முணுமுணுக்கிறது. ஆகவே அது சிக்கனமாக இருப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் இறக்கத்தில் எழும் முழக்கம், எரிபொருளின்றி வெறுங்காற்றை அமுக்கி வெளித்தள்ளும் பிஸ்டன்களின் ஒலி. பயணிகளும் இந்த முழக்கத்தை விரும்புவதில்லை. "வண்டியைப் போட்டு உலுப்புகிறார்" என்று கியரில் இறக்கும் நல்ல சாரதியையே குறைகூறுவர்.

எனினும், நியூட்ரல் எந்நிலையிலும் நட்டமே எனக் கூறுவது முழு உண்மையாகாது. சாய்வு மிகவும் மென்மையாக இருப்பின், கியரிலுள்ள எஞ்சினின் தடை வாகனத்தை மெதுவாக்கிவிடும். சாரதி மீண்டும் அக்சிலரேற்றரை அழுத்தவேண்டிவரும். 1,200 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்கையில் உருளலுராய்வும் காற்றுத்தடையும் சேர்ந்து ஏறத்தாழ 190 நியூற்றன் ஆகும். நூற்றுக்கு ஒன்றரை அளவான சாய்வு இதனை ஈடுசெய்யப் போதுமானது. உயர்ந்த கியரிலுள்ள எஞ்சினின் தடையையும் கூட்டினால், நூற்றுக்கு மூன்று, மூன்றரை வரையிலான சாய்வு வேண்டும். இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட சாய்வுகளில் நியூட்ரல் உண்மையாகவே சிறிது எரிபொருளை மிச்சப்படுத்தும். ஆனால் அத்தகைய சாய்வு மலையகத்தில் எங்குள்ளது? 1885இல் நானுஓயாவை எட்டிய புகையிரதப் பாதையில்! அதன் உச்சச் சாய்வு 44க்கு 1, அதாவது நூற்றுக்கு இரண்டே கால். வீதிகளிலோ ஐந்து, ஆறு வீதச் சாய்வு சாதாரணமானது; தோட்டப் பாதைகள் இன்னும் செங்குத்தானவை. அத்தகைய இறக்கத்தில் வாகனத்தை ஓடச்செய்வதற்கு எவரும் உதவவேண்டியதில்லை; அதனைப் பிடித்து நிறுத்துவதே பிரச்சினை.

பிடித்து நிறுத்துவதன் கணக்கு இதுவாகும். 10 தொன் பஸ் நூற்றுக்கு ஆறு சாய்வில் 30 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கும்போது, உராய்வும் காற்றும் எடுத்தது போக ஏறத்தாழ 39 கிலோவாற்று வலு எஞ்சுகிறது. ஒரு கிலோவாற்று மின் இஸ்திரிப்பெட்டிகள் முப்பத்தொன்பதை ஒரேநேரத்தில் சூடேற்றுவதற்கு இது போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் இதன் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்று, தன் புகைக்குழாய் வழியாகவும் நீர்க்குளிராக்கி வழியாகவும் வெளியேற்றிவிடும். நியூட்ரலில் இறங்கினால் முழுவதையும் பிரேக் டிரம்களே ஏற்கவேண்டும். பத்து நிமிட இறக்கத்தில் 23 மெகாயூலுக்கு மேல் வெப்பம் பிறக்கும். டிரம்களின் இரும்பு மொத்தம் 200 கிலோகிராம் எனக் கொண்டால், காற்றினால் குளிராதவிடத்து வெப்பநிலை 250 பாகைக்கு மேல் உயரக்கூடும். ஓடும் காற்று ஒரு பகுதியைக் கொண்டுசெல்வது உண்மையே. ஆயினும் முப்பது கிலோமீற்றர் வேகத்தில், சில்லின் உட்புறத்தில் ஒளிந்திருக்கும் டிரம்முக்குக் கிடைக்கும் காற்று சொற்பம்.

வெப்பமேறிய பிரேக்கில் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. லைனிங்கின் உராய்வுத்திறன் வீழ்கிறது. டிரம் விரிவடைந்து லைனிங்கிலிருந்து விலகிச் செல்கிறது. பெடலை எவ்வளவு அழுத்தினாலும் பிடி குறைவாகவே இருக்கும். 'பிரேக் பிடிக்கவில்லை' என்று விபத்துக்குப்பின் சாரதி கூறுகையில், பரிசோதகர் குளிர்ந்துபோன பிரேக்கைப் பார்த்து 'குறை எதுவுமில்லை' எனக் கூறுவது இதனாலேயே. இருவர் கூற்றும் உண்மையாக இருத்தல் கூடும்.

காற்றுப்பிரேக்குள்ள பஸ்களில் இன்னுமொரு சிக்கல் உண்டு. பெடலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் தாங்கியிலுள்ள அமுக்கக்காற்று குறைகிறது. அதனை நிரப்பும் கொம்பிரெசரைச் சுழற்றுவது எஞ்சின். கியரில் இறங்கும்போது எஞ்சின் விரைந்து சுழல்வதால் காற்றும் விரைந்து நிரம்பும். நியூட்ரலில் எஞ்சின் மெதுவாகச் சுழல, பிரேக்கோ அடிக்கடி அழுத்தப்பட, வரவு குறைந்து செலவு மிகுகிறது. மேலும், பெரிய வாகனங்களிலுள்ள எக்ஸோஸ்ட் பிரேக் எஞ்சினின் புகைவழியை அடைத்து அதன் தடையைப் பெருக்குவது. நியூட்ரலில் அது சில்லைப் பற்றுவதற்கு வழியே இல்லை. சிறிய கார்களில் எஞ்சினை நிறுத்தினால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று அழுத்தங்களோடு தீர்ந்துவிடும். பவர் ஸ்டீயரிங் இறுகிவிடும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். பிரித்தானியாவின் நெடுஞ்சாலை விதிக்கோவை நியூட்ரலில் ஓடவிடுவதற்கெனத் தனி விதியொன்றை ஒதுக்கி அதனை விலக்குவதும் இக்காரணங்களாலேயே.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்லைக் குறுக்குவீதியின் செங்குத்தான இறக்கத்தில், கொழும்புப் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று வானொன்றுடனும் முச்சக்கரவண்டியொன்றுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லப் பகுதியில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்விபத்துகள் நியூட்ரல் ஓட்டத்தால் நேர்ந்தவை என இங்கு கூறப்படவில்லை. ஒவ்வொரு விபத்துக்கும் பல காரணிகள் உண்டு. எவ்வகை வீதிகளைப் பற்றி நாம் பேசுகிறோம் என்பதையும், அங்கு பிழைவிடுவதற்கு எத்துணைக் குறைந்த இடமே உள்ளது என்பதையும் உணர்த்தவே இவை குறிப்பிடப்பட்டன.

இந்நிலையில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. நியூட்ரல் ஓட்டம் இத்துணைக் கேடானதெனின், உலகின் பெரிய கார் உற்பத்தியாளர்கள் அதனையே ஒரு சிறப்பம்சமாக விற்பனை செய்வது எவ்வாறு? ஜெர்மானியர் இதனைப் 'பாய்மர ஓட்டம்' என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குவர். சாரதி காலை எடுத்ததும், தானியங்கிக் கியர்ப்பெட்டி கிளச்சைத் திறந்து எஞ்சினைத் தனிமைப்படுத்துகிறது. சில கார்களில் எஞ்சின் மெதுவாக இயங்கும். 48 வோல்ற்று மின்தொகுதியுள்ள புதிய கார்கள் சிலவற்றில் எஞ்சின் முற்றாகவே நின்றுவிடும்.

இக்கருத்து புதியதன்று. 1930இல் அமெரிக்காவின் ஸ்ரூடிபேக்கர் நிறுவனம் தன் கார்களில் இத்தகைய 'சுயாதீனச் சில்லு' அமைப்பைப் புகுத்தியது. வேறு நிறுவனங்களும் பின்பற்றின. ஆயின் மலைப்பாங்கான இடங்களில் பிரேக்குகள் தாங்காமையால் அது செல்வாக்கிழந்தது. சுவீடனின் சாப் கார்களில் அது நீடித்தமைக்குக் காரணம் சிக்கனம் அன்று. அவற்றின் இரண்டடிப்பு எஞ்சினுக்கு மசகெண்ணெய் பெற்றோலோடு கலந்தே செல்லும். இறக்கத்தில் கியரில் விட்டால் எஞ்சின் வேகமாகச் சுழலும், எண்ணெயோ போதியளவு செல்லாது; எனவே எஞ்சினைக் காப்பதற்குச் சில்லை விடுவித்தனர். நம் நாட்டில் முதலில் ஓடிய முச்சக்கரவண்டிகளும் இரண்டடிப்பு எஞ்சின் கொண்டவையே. அவற்றின் சாரதிகள் இறக்கத்தில் நியூட்ரலை நாடியமைக்கு எஞ்சின் சார்ந்த நியாயம் ஒன்று இருந்தது என்பதை மறுக்கவியலாது. இன்று ஓடும் நான்கடிப்பு வண்டிகளில் எண்ணெய் தனியே சுற்றுவதால் அந்நியாயமும் இல்லை.

புதிய அமைப்பு வெற்றிபெறுவது சமதளமான அதிவேக வீதியிலாகும். மேற்கூறிய 1,200 கிலோகிராம் கார் 100 கிலோமீற்றர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். முன்னே வேகத்தைக் குறைக்கவேண்டியிருக்கிறது. கியரில் காலை எடுத்தால் 80க்கு வருவதற்குள் சுமார் 290 மீற்றர் ஓடும். கிளச்சைத் திறந்துவிட்டால் சுமார் 430 மீற்றர் ஓடும். மேலதிகமாகக் கிடைத்த 140 மீற்றரை எஞ்சினின் வலுவால் ஓடியிருந்தால் எட்டு மில்லிலீற்றர் அளவு பெற்றோல் எரிந்திருக்கும். நியூட்ரலில் எஞ்சின் சும்மா இயங்கிய பதினேழு வினாடிகளுக்குச் செலவானது மூன்றரை மில்லிலீற்றர் மட்டுமே. எஞ்சின் நின்றிருந்தால் அதுவும் இல்லை. நெடும்பயணத்தில் இத்தகைய துளிகள் திரண்டு பொருட்படுத்தத்தக்க அளவாகும். 2011 நவம்பரில் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதைக்கு இக்கணக்கு முற்றிலும் பொருந்தும். அங்கு 100இலிருந்து 80க்கு வேகத்தைக் குறைப்பது இதனினும் பெருஞ்சிக்கனம் என்பது வேறு விடயம்; காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், 80இலுள்ள தடையை விட 100இலுள்ள தடை 56 வீதம் அதிகம்.

இவ்வமைப்பை வகுத்தோர் மலையிறக்கத்தை மறந்துவிடவில்லை என்பதே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது. சாரதி பிரேக்கைத் தொட்டதும் கிளச் மீண்டும் பொருந்துகிறது. சாய்வு குறித்த எல்லையைக் கடந்தால் கணினி கிளச்சைத் திறப்பதே இல்லை; எரிபொருளை நிறுத்தி, கியரிலேயே இறக்குகிறது. 2012இல் மெர்சிடிஸ் கனரக லொறிகளில் அறிமுகமான முறையில், செய்மதி இடங்காட்டியும் வீதியின் உயரப்படமும் துணைநிற்க, முன்னேயுள்ள ஏற்ற இறக்கங்களை அறிந்து கணினி இத்தீர்மானத்தை முன்கூட்டியே எடுக்கிறது. அதாவது, நியூட்ரல் ஓட்டத்தை விற்பனை செய்யும் பொறியியலாளனே செங்குத்தான இறக்கத்தில் அதனை விலக்கிவைத்திருக்கிறான். நம் சாரதியோ எங்கு விலக்கப்பட்டதோ அங்கேயே அதனைக் கையாளுகிறார்.

மலையிறக்கத்தின் சக்தியை உண்மையாகவே மீட்பவை கலப்புவலுக் கார்களும் மின்கார்களுமாகும். 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட கார்களுக்கு 2025 பெப்ரவரி வரை வழிவிடாமையால், ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அதற்கு முன் வந்த ஜப்பானிய அக்குவா, பிரியஸ், வெசல் முதலியனவே கலப்புவலுக் கார்களாக மிகுதியும் ஓடின. இவற்றில் சில்லுகள் மின்மோட்டாரைச் சுழற்ற, அது மின்பிறப்பாக்கியாகி மின்கலத்தை நிரப்புகிறது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. 1,300 கிலோகிராம் கார் 30 கிலோமீற்றர் தூரத்தில் 900 மீற்றர் இறங்குவதாகக் கொண்டால், உராய்வும் காற்றும் எடுத்தது போக ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாற்று மணி எஞ்சும். பிரியஸின் மூன்றாந் தலைமுறை மின்கலத்தின் முழுக்கொள்ளளவே 1.3 கிலோவாற்று மணி. அதிலும் அரைக் கிலோவாற்று மணிக்குக் குறைவான பகுதியையே கணினி பயன்படுத்த விடும். ஆகவே, இறக்கம் பாதி முடியுமுன் மின்கலம் நிரம்பிவிடும். அப்போது கணினி எரிபொருளின்றி எஞ்சினைச் சுழற்றி, பழைய வழியிலேயே வாகனத்தைத் தடுக்கிறது. கியர்த்தண்டில் 'பி' என்னும் நிலை அமைந்திருப்பது இதற்காகவே. இக்கார்களில் நியூட்ரலுக்கு மாற்றினால் மின்கலம் நிரம்புவதும் நின்றுவிடும். சிக்கனத்துக்கெனப் பெருந்தொகை கொடுத்து வாங்கிய அமைப்பு, சிக்கனத்தின் பெயராலேயே முடக்கப்படுகிறது. பெரிய மின்கலமுள்ள முழு மின்கார் இவ்விடத்து மேலானது. ஆனால் நுவரெலியாவில் மின்கலத்தை முழுமையாக நிரப்பிக்கொண்டு இறங்குபவர், மலை தருவதை வாங்கிவைக்க இடமின்றியே புறப்படுகிறார்.

உற்பத்தியாளர் வெளியிடும் 'லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர்' என்னும் எண்களும் மலையகத்துக்கு எழுதப்பட்டவை அல்ல. 2011 டிசம்பரில் ஜப்பானில் அக்குவா அறிமுகமானபோது அறிவிக்கப்பட்ட 35.4 கிலோமீற்றர், ஆய்வுகூடத்தில் உருளைகளின்மீது காரை ஓடவிட்டு அளந்தது. அவ்வுருளைகளுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. உலகின் அளவுகோல் சமதளத்தையே வீதி எனக் கருதுகிறது.

தொழில்நுட்பம் இதுவாயினும், பிரச்சினையின் மறுபாதி பொருளாதாரத்தில் உள்ளது. 2021 டிசம்பரில் லீற்றருக்கு 121 ரூபாவாக இருந்த டீசல், ஆறு மாதங்களில் 460 ரூபாவாயிற்று. அந்நாளில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா; நாள் முழுவதும் கொழுந்து பறித்த கூலிக்கு இரண்டு லீற்றர் டீசலுக்குச் சற்று மேலாகவே வாங்கலாம். 2022 ஜூலையில் கியூ.ஆர். முறை வந்து வாகனங்களுக்கு வாராந்தப் பங்கீடு விதிக்கப்பட்டது. 2023 செப்டெம்பர் வரை அது நீடித்தது. தவணைக்கு வாங்கிய முச்சக்கரவண்டியை வைத்துப் பிழைக்கும் தோட்டத்து இளைஞன் ஒவ்வொரு துளியையும் எண்ணியதில் வியப்பில்லை. தனியார் பஸ்களில் உரிமையாளருக்குக் குறித்த தொகையைக் கொடுத்து, டீசற் செலவையும் கழித்தபின் எஞ்சியதையே சாரதியும் நடத்துநரும் பங்கிடும் ஏற்பாடு பரவலாக உண்டு. அங்கு எரிபொருளின் விலை நாள்தோறும் சாரதியின் சட்டைப்பையில் உறைக்கிறது. பிரேக் லைனிங்கின் தேய்மானம் மாதக்கணக்கில், உரிமையாளரின் கணக்கில் வருகிறது. விபத்தின் செலவோ பயணிகளின் கணக்கில் எழுதப்படுகிறது; அவர்களுள் பெரும்பாலோர் பஸ்ஸைத் தவிர வேறு போக்குவரத்தில்லாத லயன்வாசிகள். இத்தகைய ஏற்பாட்டில் சாரதிக்கு அறிவுரை வழங்குவதோடு அமைவது நியாயமாகாது. ஆயினும் அவருடைய சொந்த இலாபக் கணக்கின்படி பார்த்தாலும் கியரில் இறங்குவதே அவருக்கு ஆதாயம் என்பதை எடுத்துக்காட்டினால், அறிவுரைக்குச் செவிசாயாதவரும் கணக்குக்குச் செவிசாய்க்கக்கூடும்.

அதனை எடுத்துக்காட்டுவது கடினமன்று. அண்மைக்காலக் கார்கள் பலவற்றின் முகப்பில் அக்கணத்து எரிபொருட் செலவைக் காட்டும் மானி உள்ளது. லபுக்கலை இறக்கத்தில் மூன்றாவது கியரில் காலை எடுத்தால் அது பூச்சியத்தைக் காட்டும், அல்லது லீற்றருக்கு 99 என்ற உச்ச எண்ணில் நின்றுவிடும். நியூட்ரலுக்கு மாற்றிய மறுகணமே எண் இறங்கும். சாரதிப் பயிற்சி வழங்குவோர் ஒருமுறை இதனைக் கண்முன்னே நிகழ்த்திக் காட்டினால் போதுமானது. பஸ்களுக்கு இம்மானி பெரும்பாலும் இல்லை. அங்கு செய்யவேண்டியது வேறு: மலைப்பாதைகளில் ஓடும் பஸ்களின் தகுதிச் சான்றிதழுக்கான பரிசோதனையில், எக்ஸோஸ்ட் பிரேக் இயங்குகிறதா, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெடலைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் காற்றுத்தாங்கியின் அமுக்கம் எவ்வளவு வீழ்கிறது, ஏற்கெனவே சூடேறிய பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்பவற்றையும் அளத்தல் வேண்டும். சமதளத்தில், குளிர்ந்த பிரேக்கோடு ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது கினிகத்தேனைக் கணவாயில் இறங்கப்போகும் பஸ்ஸைப் பற்றி எதனையும் நமக்குக் கூறுவதில்லை.